சும்மா இருப்பவரின் முறை

போன கோடை விடுமுறைக்கு அம்பாசமுத்திரம் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்குப் போனபோது, நான் எழுதிய பல்லாங்குழியை டேப்லெட்டில் திறந்து ஆச்சியின் மடியில் வைத்தேன். ஆச்சிக்கு 84 வயது. கண்புரை எடுத்த பிறகு பார்வை நன்றாகவே இருக்கிறது. குழியை விரலால் தொட்டால் போதும், முத்துகள் ஒவ்வொன்றாக அடுத்தடுத்த குழிகளில் விழும். நான்கு சேர்ந்த குழி பச்சையாக மின்னும், 'பசு' என்று நாங்கள் சொல்லும் அந்த நான்கும் அந்தப் பக்கத்துக்காரரின் கணக்கில் போய்ச் சேரும். இரண்டு ஆட்டம் ஆடினாள், இரண்டிலும் ஜெயித்தாள். அப்புறம் டேப்லெட்டை என் பக்கம் நகர்த்திவிட்டு, "இதுல பசு தானா போயி விழுதுல்லா. பெறகு நான் எதுக்குல இருக்கேன்?" என்று கேட்டாள்.

அவள் குறையாகச் சொல்லவில்லை. அந்தப் பச்சை மினுக்கம் அவளுக்குப் பிடித்துக்கூட இருந்தது. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். நான் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். ஆனால் அன்றிலிருந்து அந்தக் கேள்வி என்னை விடவில்லை. ஆட்ட விதிகளைக் கணினிக்குப் புரியும் மொழியில் எழுதுவது, கணினியே புது விதிகளைப் படைப்பது என்று இரண்டு ஆண்டுகளாக நான் ஆசை ஆசையாகப் படித்துவரும் ஒரு துறை இருக்கிறது. அந்தத் துறை முழுவதையும் அவள் கேள்வி வழியாகத்தான் இப்போது பார்க்கிறேன்.

டேப்லெட்டில் தெரிந்த படமும் பச்சை மினுக்கமும் மேலே போர்த்திய துணி. அதற்குக் கீழே இருந்தது விதிகள் மட்டுமே எழுதப்பட்ட ஒரு கோப்பு. எப்படி ஆடினால் ஜெயிக்கலாம் என்று அதில் ஒரு வரிகூடக் கிடையாது. என்ன செய்யலாம், செய்தால் என்ன ஆகும், ஆட்டம் எப்போது முடியும், யாருக்கு எத்தனை புள்ளி, அவ்வளவுதான். அந்த மொழியின் பெயர் கேம் டிஸ்கிரிப்ஷன் லாங்குவேஜ், சுருக்கமாக ஜிடிஎல். ஸ்டான்ஃபோர்டில் மைக்கேல் ஜெனசரெத்தின் குழு உருவாக்கியது. 2005-இல் ஏஏஏஐ என்ற செயற்கை நுண்ணறிவு மாநாட்டில் இதை வைத்து முதல் போட்டி நடந்தது, பரிசு 10,000 டாலர். போட்டிக்கு வரும் நிரலுக்கு என்ன ஆட்டம் ஆடப்போகிறோம் என்று முன்கூட்டித் தெரியாது. விதிகள் அந்த இடத்தில்தான் கைக்கு வரும். கொஞ்ச நேரம் யோசிக்கலாம், பிறகு ஆடியாக வேண்டும். விதிகளில் வரும் பெயர்களைக்கூடக் கலைத்துப் போட்டுத்தான் கொடுப்பார்கள். 'ராஜா', 'சிப்பாய்' என்ற சொற்களைப் பார்த்து இது சதுரங்கம் என்று நிரல் மோப்பம் பிடித்துவிடக் கூடாது என்பதற்காக.

இந்த எண்ணத்தின் வேர் இன்னும் பழையது. பார்னி பெல் 1992-இலேயே மெட்டாகேம் என்ற யோசனையை முன்வைத்து, சதுரங்கத்தின் சாயலில் இருபக்கமும் ஒத்த ஆட்டங்களைத் தானாக உண்டாக்கித் தரும் நிரலையும் எழுதினார். அவர் வாதம் எனக்கு அப்படியே சம்மதம். ஆட்டம் இன்னதென்று முன்பே தெரிந்துவிட்டால், அதைப் பற்றிச் சிந்திக்க வேண்டியதையெல்லாம் நிரல் எழுதும் மனிதர் சிந்தித்து முடித்துவிடுகிறார், கணினிக்கு மிஞ்சுவது கணக்கு மட்டும். 1997-இல் சதுரங்கத்தில் காஸ்பரோவைத் தோற்கடித்த டீப் புளூ என்ற கணினிக்கு ஆடுபுலி ஆட்டத்தில் ஒரு ஆட்டை நகர்த்தக்கூடத் தெரியாது.

எழுதும்போது கேட்ட கேள்விகள்

ஜிடிஎல்-இல் எழுதுவது பொறுமைக்கு வைக்கும் சோதனை. அதில் எண்களுக்குக் கூட்டல் கழித்தல் கிடையாது. எங்கள் வீட்டில் குழிக்கு 5 முத்து, 14 குழி, மொத்தம் 70. அதனால் 0-க்கு அடுத்தது 1, 1-க்கு அடுத்தது 2 என்று 70 வரை வரி வரியாக நானே எழுதினேன். மாறியதைச் சொன்னால் மட்டும் போதாது, மாறாததையும் சொல்ல வேண்டும். மூன்றாம் குழியில் ஒரு முத்து விழுகிறது என்றால், மற்ற 13 குழிகளும் இருந்தபடியே இருக்கின்றன என்று தனியாக எழுத வேண்டும். எழுதாவிட்டால் அடுத்த நொடியில் அந்தக் குழிகளே உலகத்தில் இருக்காது. முதல் இரவு ஒரே ஒரு முத்தைப் போட்டதும் என் பலகை முழுக்கக் காலியாகிவிட்டது. ஏன் என்று கண்டுபிடிக்க விடியற்காலை இரண்டு மணி ஆயிற்று. உலகம் தானாக நிலைத்திருக்காது, ஒவ்வொரு கணமும் யாராவது அதை 'இருக்கிறது' என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும் என்ற அந்த ஏற்பாடு எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. ஜிடிஎல்-இல் ஒவ்வொரு அடியிலும் எல்லா ஆட்டக்காரர்களும் ஏதாவது ஒன்றைச் செய்தாக வேண்டும். ஆனால் நம் ஆட்டங்களில் பெரும்பாலும் ஒருவர் ஆடும்போது மற்றவர் காத்திருப்பார். அதனால் காத்திருப்பவருக்கு 'நோ-ஆப்' என்று ஒரு செயலைக் கொடுத்துவிடுவது வழக்கம். ஒன்றும் செய்யாமல் இருப்பதுதான் அந்தச் செயல். என் குறிப்புகளில் அதற்கு 'சும்மா' என்று பெயர் வைத்தேன். ஆச்சி முத்துப் போடும்போது என் மகள் சும்மா. மகள் போடும்போது ஆச்சி சும்மா. அந்தச் சொல்லைப் பற்றி அப்போது இரண்டாம் தடவை யோசிக்கவில்லை.

விதிகளில் சந்தேகம் வந்தபோதெல்லாம் ஆச்சிக்குப் போன் போட்டேன். வெற்றுக் குழியைத் துடைத்துவிட்டு அடுத்த குழியை எடுக்கிறோமே, அதற்கு எதிர்க்குழியையும் சேர்த்து எடுக்க வேண்டுமா என்றால், "எங்கம்மை வீட்ல எடுப்பாவ. இங்க எடுக்கப்பிடாது" என்பாள். கடைசி முத்து விழுந்து நான்கு ஆனால்? "அதுவும் பசுதான்." பசு யாருக்கு? "எந்தப் பக்கமோ அவுகளுக்கு." ஒவ்வொரு பதிலுக்கும் முன்னால் கொஞ்சம் மௌனம் இருக்கும். யோசிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அம்மாதான் பிறகு சொன்னாள், ஆச்சி பதில் சொல்வதற்கு முன் கட்டில் விரிப்பின் மேல் விரலால் முத்துப் போட்டுப் பார்ப்பாளாம். 70 வருடத்துக்கு மேலாக ஆடும் ஆட்டத்தின் விதியை அவளிடம் இதற்கு முன் யாரும் வார்த்தையில் கேட்டதில்லை. விதி அவள் கையில் இருந்தது, வாய்க்கு வர வழி தேடிக்கொண்டிருந்தது.

பசுவை எப்போது எடுப்பது என்று மட்டும் நான் கேட்கவே இல்லை. அது ஒரு கேள்வி என்றே எனக்குத் தோன்றவில்லை. குழியில் நான்கு சேர்ந்தால் அடுத்த நிலையில் அந்தக் குழி பூஜ்யம், உரியவர் கணக்கில் நான்கு கூடும். இரண்டு வரியில் எழுதி முடித்தேன். கோப்பிலேயே அழகாக அமைந்த இடம் இதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்று சேர்ந்தால் தோல்வி

விதியை எழுத ஒரு மொழி கிடைத்துவிட்டால், அந்த மொழியில் கணினியே எழுதிப் பார்க்கட்டுமே என்ற ஆசை தானாக வரும். ஆனால் ஜிடிஎல் அதற்கு வாகான மொழி இல்லை. ஏன் என்பது என் காலியான பலகையிலேயே தெரியும். அதில் ஒரு வரியை மாற்றினால் வேறொரு ஆட்டம் கிடைக்காது, பெரும்பாலும் இருந்த ஆட்டமும் உடைந்துபோகும். கணினி கண்டபடி வெட்டி ஒட்டினாலும் ஏதாவது ஒரு ஆட்டம் மிஞ்ச வேண்டுமென்றால், மொழியின் சொற்கள் ஒவ்வொன்றும் கொஞ்சம் கனமாக இருக்க வேண்டும். 'பலகை', 'வரிசையாக இத்தனை', 'சிறைபிடி' என்பவையே ஒவ்வொரு சொல்லாக இருக்க வேண்டும். அப்படிப்பட்ட சொல்லுக்கு இந்தத் துறையில் லூடீம் என்று பெயர்.

கேமரன் பிரவுன் ஆஸ்திரேலியாவில் தன் முனைவர் பட்டத்துக்காகச் செய்த லூடி என்ற நிரல் இந்த வழியில் போனது. ஏற்கனவே உள்ள ஆட்டங்களின் விதிகளை மரக்கிளைகள் போல வெட்டி, ஒன்றின் கிளையை இன்னொன்றில் ஒட்டு வைத்து, புது ஆட்டங்களை வளர்த்தது. ஒவ்வொரு புது ஆட்டத்தையும் நிரலே தனக்கு எதிராகத் தானே ஆடிப் பார்த்து, 57 அளவுகோல்களால் அளந்தது. ஆட்டம் கடைசிவரை முடிவு தெரியாமல் போகிறதா, பின்தங்கியவர் எழுந்து வந்து ஜெயிக்க வழி இருக்கிறதா, முன்னிலை கைமாறிக்கொண்டே இருக்கிறதா, ஒரே நகர்வில் எல்லாம் தலைகீழாகிறதா, இப்படி. 1,389 ஆட்டங்கள் பிறந்தன, அவற்றில் தேறியவை 19. அந்தப் பத்தொன்பதில் ஒன்று 2007-இல் பிறந்த யவலாத். பெயரையும் நிரலே வைத்தது. 2009-இல் அது பலகையும் காயுமாகக் கடைக்கு வந்தது. 2012-இல், மனிதருக்கு இணையாகக் கணினி செய்த காரியங்களுக்காக வழங்கப்படும் ஹியூமீஸ் போட்டியில் தங்கப் பதக்கம் அந்த வேலைக்குக் கிடைத்தது.

யவலாத்தின் விதியைத் தமிழில் எழுதினால் இவ்வளவுதான்:

(யவலாத்
(ஆடுபவர் வெள்ளை கறுப்பு)
(பலகை அறுகோணக் கட்டங்கள், பக்கத்துக்கு 5)
(முடிவு (வரிசையாக 4 வைத்தவர் வெற்றி)
(4 ஆகாமல் வரிசையாக 3 வைத்தவர் தோல்வி)))

முதல் தடவை படித்தபோது, மனிதர் யாரும் இப்படி ஒரு விதியை எழுதியிருக்க மாட்டார்கள் என்றுதான் நினைத்தேன். நான்கு சேர்க்க வேண்டும், ஆனால் மூன்று சேர்ந்தால் தோல்வி. ஒன்றை ஒன்று அடித்துக்கொள்ளும் இரண்டு வரிகள், யாரோ தவறாக ஒட்டியது போல. சென்னையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, 61 கட்டங்களைத் தாளில் வரைந்து, தையல் பெட்டியிலிருந்து கறுப்பு வெள்ளைப் பொத்தான்களை எடுத்துக்கொண்டு மகளோடு உட்கார்ந்தேன். அவளுக்கு 9 வயது. அரை மணி நேரம் இரண்டு பேரும் குருட்டாம்போக்கில் வைத்துக்கொண்டிருந்தோம். அப்புறம் அவள் இரண்டு வெள்ளை, ஒரு இடைவெளி, ஒரு வெள்ளை என்று வைத்தாள். இடைவெளியை அவள் நிரப்பினால் நான்கு. நான் அதை அடைத்தே ஆக வேண்டும். அடைக்கப் பொத்தானைக் கையில் எடுத்தேன். அந்தக் கட்டத்தில் வைத்தால் வேறொரு திசையில் என்னுடைய கறுப்பு மூன்று சேர்ந்துவிடும். வைத்தாலும் தோல்வி, வைக்காவிட்டாலும் தோல்வி. அவள் வேண்டுமென்று செய்யவில்லை, தற்செயலாக அமைந்தது. ஆனால் பொத்தான் என் விரலில் நின்றுபோனதைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. அடுத்த ஆட்டத்திலிருந்து அவள் வேண்டுமென்றே செய்யத் தொடங்கினாள்.

விதியின் உயிர் இரண்டு வரிகளும் மோதும் இடத்தில் இருந்தது. தனித்தனியாகப் படித்தால் எதிலும் தெரியாது. 'மூன்று தோல்வி' என்பது எச்சரிக்கை மாதிரி இருந்தது, ஆடினால் அதுவே ஆயுதம். எதிராளியை அவருடைய காயாலேயே தோற்கவைக்கும் ஆயுதம். இதை ஒரு நிரல் கண்டுபிடித்தது என்பதை நினைத்து அன்றிரவு தூக்கம் வரவில்லை. அளவுகோல்களை வைத்து அளந்தே இவ்வளவு தூரம் போக முடியும் என்றால், நல்ல ஆட்டம் என்பதே அளக்கக்கூடியதுதான் போலிருக்கிறது என்று நம்பத் தொடங்கினேன். அந்த நம்பிக்கையோடுதான் ஊருக்குப் போனேன்.

ஐந்தாவது முத்து

டேப்லெட்டை ஆச்சி ஒதுக்கிய மறுநாள் சாயங்காலம், அவளும் மகளும் திண்ணையில் நிஜப் பலகையோடு உட்கார்ந்திருந்தார்கள். பழைய மரப் பலகை, புளியங்கொட்டை முத்துகள். நான் பக்கத்துத் தூணில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஆச்சியின் முறை. அவள் போட்டுக்கொண்டே போனதில் மகள் பக்கத்து இரண்டாம் குழியில் நான்கு சேர்ந்தது. அந்த நேரம் பார்த்து உள்ளேயிருந்து அம்மா, யாருக்கு அதிரசம் வேண்டும் என்று குரல் கொடுத்தாள். மகள் திரும்பி, "எனக்கு ரெண்டு" என்றாள். ஆச்சி நிறுத்தவில்லை. கை முத்துத் தீர்ந்ததும் அடுத்த குழியை எடுத்தாள், தொடர்ந்தாள், பலகையைச் சுற்றிக்கொண்டு கை மறுபடி அந்த இரண்டாம் குழிக்கு மேலே வந்தது. ஒரு கணம், நான் பார்த்தேன், கை நின்றது. பிறகு ஐந்தாவது முத்து விழுந்தது.

"ஆச்சி, அங்க பசு இருந்துச்சு!" என்றாள் மகள்.

"இருந்துச்சு. இப்ப இல்லல்லா."

"நீங்க சொல்லவே இல்ல!"

"உன் பசுவ நான் எதுக்குட்டி சொல்லணும்?"

மகளுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. ஆனால் எழுந்து போகவில்லை. அதற்கப்புறம் நடந்ததைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. அதிரசத்தட்டு வந்தது, அவள் தொடவில்லை. ஆச்சியின் கை போகும் இடமெல்லாம் அவள் கண்ணும் போனது. தன் பக்கத்து ஏழு குழிகளையும் உதடு அசைய எண்ணிக்கொண்டே இருந்தாள். ஆச்சி முத்துப் போடும் நேரமெல்லாம், அதாவது என் கோப்பில் மகளுக்கு 'சும்மா' என்று நான் எழுதியிருந்த அந்த நேரமெல்லாம், அவள் உடம்பு முழுக்க வேலை செய்துகொண்டிருந்தது. தன் முறையில்கூட அவ்வளவு விழிப்பாக இல்லை.

ஆச்சியின் கேள்வி அப்போதுதான் எனக்கு எட்டியது. பசு தானாகப் போய் விழுந்தால் அவள் எதற்கு? எங்கள் வீட்டு விதிப்படி, நான்கு சேர்ந்தால் பசு 'ஆகிறது', அவ்வளவுதான். அது உன்னுடையதாவது நீ பார்த்துச் சொன்னால். மறுபடி ஒரு முத்து அதில் விழுவதற்குள், அல்லது அந்தக் குழியையே யாரும் எடுத்துப் போடுவதற்குள் நீ சொல்ல வேண்டும். எல்லா வீட்டிலும் இப்படி இல்லை என்பது தெரியும். விதி அதனால் மாறுவதில்லை, இந்தத் திண்ணையில் அதுதான் விதி. நான் அழகாக இருக்கிறது என்று மெச்சிக்கொண்ட இரண்டு வரி, ஆட்டத்தில் பாதியைத் துடைத்து எடுத்திருந்தது.

இது பல்லாங்குழிக்கு மட்டும் உள்ள விசேஷமில்லை. சதுரங்கத்தில் ஒரே நிலை மூன்றாம் முறை வந்தால் ஆட்டம் தானாகச் சமன் ஆவதில்லை, ஆடுபவர் கோர வேண்டும். கோராவிட்டால் ஆட்டம் போய்க்கொண்டே இருக்கும். ஐந்து முறை வந்தால்தான் யாரும் கேட்காமலே முடியும். டிராஃப்ட்ஸ் ஆட்டத்தில், எதிராளியின் காயை வெட்ட வேண்டிய இடத்தில் ஒருவர் வெட்டாமல் விட்டால், அதைக் கவனித்த எதிராளி, வெட்டத் தவறிய காயை ஊதித் தள்ளுவது போலப் பலகையிலிருந்து எடுத்துவிடும் வழக்கம் ஒரு காலத்தில் இருந்தது. இப்போது போட்டிகளில் அது கிடையாது, வெட்டியே ஆக வேண்டும். கவனத்தின் மேல் நின்ற ஒரு விதி கட்டாயத்தின் மேல் நிற்கும் விதியாக மாறிவிட்டது. போட்டி நடத்துபவர்களுக்கு அது வசதி. வீட்டில் ஆடியவர்களுக்கு ஏதோ ஒன்று போயிருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

சென்னை திரும்பியதும் கோப்பைத் திறந்தேன். திருத்துவது ஆச்சரியப்படும் அளவுக்குச் சுலபமாக இருந்தது. ஒவ்வொரு முத்தும் விழுவது ஒரு அடி என்று ஆக்கினேன். காத்திருப்பவருக்கு 'சும்மா' என்ற ஒரே செயலுக்குப் பதில் இரண்டு கொடுத்தேன்: 'சும்மா', அல்லது இன்ன குழியில் 'பசு'. எல்லாரும் ஒரே நேரத்தில் செயல்பட வேண்டும் என்ற ஜிடிஎல்-இன் ஏற்பாடு இதற்கென்றே செய்தது போல இருந்தது. அதற்காக அந்த மொழியை மறுபடி விரும்பினேன். பிறகு நிரலைத் தனக்கு எதிராகத் தானே ஆடவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் பார்த்தால் ஒரு பசுவும் தப்பியிருக்கவில்லை. ஒன்றுகூட. நான்கு சேர்ந்த மறுகணமே 'பசு', 'பசு', 'பசு'. அதற்கு அதிரசம் வருவதில்லை.

சரி, மறதியையும் எழுதிப் பார்ப்போம் என்று தோன்றியது. மைக்கேல் தீல்ஷர் 2010-இல் ஜிடிஎல்-ஐ நீட்டி, தற்செயலுக்கும் ஒளிந்திருக்கும் தகவலுக்கும் இடம் கொடுத்தார். யார் எதைப் பார்க்கிறார் என்பதையே அதில் விதியாக எழுதலாம். ஐந்தில் ஒரு பசு காத்திருப்பவரின் கண்ணில் படாது என்று எழுதினேன். இப்போது பசுக்கள் தப்பின. ஆனால் அது தாயக்கட்டை உருட்டுவது போல இருந்தது. மகள் அப்படித் தவறவிடவில்லை. அவளை அதிரசம் கூப்பிட்டது. ஆச்சியும் அப்படித் தவறவிட மாட்டாள், எதிராளியைத் தவறவிட வைப்பாள். மும்முத்தாக இருக்கும் குழிகள் எதிர்ப்பக்கத்தில் நிறைய இருக்கும்போது அவள் கை வேகமாகும், சரியாக அந்த நேரத்தில் ஏதாவது ஒரு கல்யாணக் கதையை ஆரம்பிப்பாள். இதை அதற்கு முன் நூறு தடவை பார்த்திருக்கிறேன், திறமை என்று கண்டதில்லை. கவனத்துக்கு ஒரு சரிவு இருக்கிறது, அதைத் தெரிந்துகொண்டு ஆடுவதுதான் ஆட்டம். நான் எழுதிய ஐந்தில் ஒன்றுக்கு அந்தச் சரிவு இல்லை.

லூடியைப் பற்றி நான் நினைத்திருந்ததும் இந்த இடத்தில்தான் மாறியது. ஒன்றையும் தவறவிடாத நிரல்கள் தமக்குள் ஆடி அளக்கும்போது, 'பசு தானாக விழும்' என்ற விதியும் 'பார்த்துச் சொன்னால்தான் பசு' என்ற விதியும் ஏறக்குறைய ஒரே ஆட்டம்தான். இரண்டுக்கும் ஒரே மதிப்பெண் வரும். அப்படியிருக்க, இரண்டாவதில் கூடுதலாக இருக்கும் வரிகள் வெறும் சுமை. விதிகளை வளர்த்தும் கழித்தும் போகும் எந்த நிரலும் அந்தச் சுமையைத் தூக்கிச் சுமக்கக் காரணம் இல்லை. ஆச்சியின் ஆட்டம் எந்த வரியில் உயிரோடு இருக்கிறதோ, அந்த வரிதான் முதலில் உதிரும்.

இதனால் யவலாத் மேல் எனக்குப் பிரியம் குறையவில்லை. அந்தப் பொத்தான்கள் இன்னும் எங்கள் வீட்டில் ஒரு டப்பாவில் தனியாக இருக்கின்றன. விதிகள் மோதும் இடத்தில் ஒளிந்திருக்கும் அழகைத் தேடிப்பிடிக்க மனிதரைவிட நிரலுக்குப் பொறுமை அதிகம். 2024-இல் வெளிவந்த கேவல் என்ற ஆய்வில், பெரிய மொழி மாதிரி (எல்எல்எம்) ஒன்றை ஆட்ட விதிகளில் பழக்கி, விதியின் ஒரு துண்டை மறைத்துவிட்டு அந்த இடத்தை வேறு விதமாக நிரப்பச் சொல்லிப் புது ஆட்டங்களை வளர்த்தார்கள். அதற்குப் பாடமாக இருந்தது பிரவுனும் குழுவும் மாஸ்ட்ரிக்ட் பல்கலைக்கழகத்தில் 2018 முதல் 2023 வரை நடத்திய திட்டத்தில் உருவான லூடீ என்ற மொழி (முன்பு சொன்ன லூடி வேறு). உலகத்தின் மரபு ஆட்டங்கள் உட்பட ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆட்டங்கள் அதில் எழுதப்பட்டிருக்கின்றன. குழிகளில் முத்துப் போடுவதற்கு 'விதை' என்ற பொருளில் அதில் ஒரே ஒரு சொல், அந்தச் சொல்லின் பின்னால் ஆப்பிரிக்கா முதல் தெற்காசியா வரை எத்தனையோ குழியாட்டங்கள். அதைப் பார்த்தபோது எனக்கு உண்மையாகவே நெகிழ்ச்சியாக இருந்தது. அழிந்துபோகக்கூடிய ஒன்றை யாரோ உட்கார்ந்து எழுதி வைத்திருக்கிறார்கள்.

எனக்குள்ள கவலை எழுதுபவர்களைப் பற்றி. நாம் நம் ஆட்டங்களை இப்படிப்பட்ட மொழிகளில் எழுதி வைக்கும்போது, மொழி கேட்கும் கேள்விகளுக்கு மட்டும் பதில் சேகரிக்கிறோம். எத்தனை குழி, எந்தத் திசை, எத்தனை சேர்ந்தால் பசு. நான் அப்படித்தான் செய்தேன். காத்திருப்பவர் என்ன செய்துகொண்டிருக்கிறார் என்று மொழி கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. போனில் ஆச்சியிடம் விதியை வாங்கியதற்குப் பதில் ஒரு சாயங்காலம் தூணில் சாய்ந்து பார்த்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும்.

கோப்பில் இன்னொரு சிக்கல் பாக்கி இருக்கிறது. ஊரில் கடைசி நாள் ஆட்டத்தில், மகள் பக்கத்தில் மறுபடி ஒரு பசு, மறுபடி அவள் பார்க்கவில்லை, ஐந்தாவது முத்து விழுந்தது. விழுந்த பிறகுதான் "பசு!" என்று கத்தினாள். நான் எதிர்பார்த்ததற்கு மாறாக, ஆச்சி குழியிலிருந்து நான்கை எடுத்து அவள் கையில் கொடுத்துவிட்டு, ஒன்றை மட்டும் குழியில் வைத்தாள்.

"மறு முத்து விழுந்தா கெடையாதுன்னு சொன்னீங்களே ஆச்சி" என்றேன்.

"அவ சின்னப்புள்ளல்லா."

"அன்னைக்கு அவளுக்குக் குடுக்கலியே?"

"அன்னைக்கு அவ பாக்கவே இல்ல. இன்னைக்குப் பாத்துக்கிட்டுத்தான் இருந்தா, எண்ணத்தான் நேரமாச்சு."

"அப்ப நான் ஆடுனா?"

"ஒனக்கு நாப்பது வயசாவுதுல" என்று சொல்லிவிட்டு அடுத்த குழியை எடுத்தாள்.

பார்க்காமல் விட்டதற்கும், பார்த்துக்கொண்டே இருந்து எண்ண நேரமானதற்கும் உள்ள வித்தியாசத்தை அவள் எந்த இடத்தில் படித்தாள் என்று தெரியவில்லை. மகளின் உதட்டிலாக இருக்கலாம். அந்த வரிக்கு மட்டும் கோப்பில் இடம் விட்டு வைத்திருக்கிறேன். பொங்கலுக்கு ஊருக்குப் போகிறோம். டேப்லெட்டை இந்தத் தடவை எடுத்துப் போகவில்லை.